கடலோரத்து வீடு ஏன் வேகிறது?

வீட்டுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இராமநாதபுரம் கடற்கரையில், உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நான் கோடு கிழித்துக் கொடுத்த வீடுகள் கொஞ்சம் நிற்கின்றன. அவற்றில் ஒன்று என் சொந்த வீடு. மாடியில், தென்மேற்கு மூலையில், மேற்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து ஓர் அறை எடுத்தேன். குடிபோன வருஷம் சித்திரையில் அப்பத்தாவை அந்த அறையில்தான் படுக்க வைத்தோம். இரவு பதினொன்றரை இருக்கும். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். போய்ப் படுத்தது, கொல்லையில் ஆட்டுக்குப் போட்டிருந்த பனையோலைக் கொட்டகையில். காலையில் நீராகாரத்தைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, வீடு கட்டுனியா, காளவாசல் கட்டுனியா?"

சரியான கேள்வி. அன்று இரவு அறைக்குள் இருந்ததும் கொட்டகைக்குள் இருந்ததும் ஒரே கடற்கரையின் காற்று. வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தால் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் காட்டியிருக்காது. ஆனாலும் ஓர் இடத்தில் தூக்கம் வந்தது, இன்னோர் இடத்தில் வரவில்லை. அது ஏன் என்று பிடிபட்டுவிட்டால், குறைந்த கரண்டில் சுகமாக இருக்கும் வீடு என்றால் என்ன என்பதில் முக்கால்வாசி பிடிபட்டுவிடும். பசுமைக் கட்டடம், நீடித்த கட்டடக்கலை என்று பெரிய பெயர்களில் பேசப்படுவதும் இதைத்தான்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை ஓயாமல் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறார். பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற கணக்கு. அந்த வெப்பம் போவதற்கு வழி வேண்டும். தோலின் வெப்பநிலை 33, 34 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். சுற்றியுள்ள சுவரும் கூரையும் குளிர்ந்திருந்தால், தொடாமலேயே, கதிர்வீச்சாக அவற்றுக்குக் கொஞ்சம் போகும். மிச்சத்தை வியர்வை பார்த்துக்கொள்ளும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தைக் கூடவே கொண்டுபோகிறது. ஆனால் வியர்த்தால் மட்டும் போதாது, வியர்வை காயவேண்டும். வழிந்து பனியனை நனைக்கிற வியர்வையால் பிரயோஜனம் கம்மி.

ஆகவே ஒரு மனிதனுக்குப் புழுங்குகிறதா இல்லையா என்பதைக் காற்றின் வெப்பநிலை மட்டும் தீர்மானிப்பதில்லை. சுற்றுச்சுவரும் கூரையும் எவ்வளவு சூடு, காற்றில் ஈரம் எவ்வளவு, காற்று நகர்கிறதா, நீங்கள் என்ன உடுத்தியிருக்கிறீர்கள், என்ன வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று மொத்தம் ஆறு விஷயம். டென்மார்க்கைச் சேர்ந்த ஓலே ஃபாங்கர் 1970-ஐ ஒட்டி இந்த ஆறையும் ஒரே சமன்பாட்டில் கோத்துக் கொடுத்தார். குளிரூட்டிய அறைக்குள் ஆட்களை உட்காரவைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த கணக்கு அது. மின்விசிறிக்குக் கீழே கைலி கட்டி உட்கார்ந்திருக்கிற நம் ஆட்களுக்கு அப்படியே பொருந்தாது என்பதால், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்திய அலுவலகங்களில் கேட்டு அளந்து 2014-ல் வேறொரு கணக்கு வெளியிட்டார்கள். அதன் சாரம் இதுதான்: வெளியே உள்ள பருவத்துக்கு உடம்பு பழகிக்கொள்கிறது, அதனால் நமக்குச் சுகமான வெப்பநிலையும் பருவத்தோடு ஏறி இறங்குகிறது. ஜன்னலைத் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு வாழ்கிறவர்களுக்கு 29, 30 டிகிரியும் சுகம்தான். இது அப்பத்தாவுக்கு எப்போதோ தெரியும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பாம்பனில் சித்திரை வைகாசியில் பகல் வெப்பம் பெரும்பாலும் 33, 34 டிகிரியைச் சுற்றித்தான் நிற்கும். மதுரை, திருச்சியில் 40-ஐத் தொடும் நாட்களில்கூட இங்கே அவ்வளவு ஏறாது, கடல் விடாது. ஆனால் அதே கடல் இரவில் இறங்கவும் விடாது. விடியற்காலையிலும் 27-க்குக் கீழே போவது அந்த மாதங்களில் அரிது. பகலுக்கும் இரவுக்கும் ஆறேழு டிகிரிதான் வித்தியாசம், நாள் முழுக்க ஈரம். இந்த ஒரே சங்கதிதான் நம் கடற்கரையில் வீட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கவேண்டியது.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. காரைக்குடிப் பக்கம் போய் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், அதே மாதிரி தடிச்சுவர் எழுப்பிக் கேட்கிறார்கள். உள்நாட்டில் அது வேலை செய்யும். தடித்த சுவர் பகல் வெப்பத்தை விழுங்கி வைத்துக்கொள்ளும், இரவு குளிர்ந்ததும் வெளியே விட்டுவிடும், மறுநாள் காலையில் மறுபடி காலி. பகலுக்கும் இரவுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால்தான் அந்த வித்தை பலிக்கும். இங்கே இரவு குளிர்வதே இல்லை, சுவர் எப்போது காலியாகும்? நாள் முழுக்க வாங்கிய சூட்டை, நீங்கள் படுக்கிற நேரம் பார்த்து உங்கள்மேல் விடும். செட்டிநாட்டு வீட்டிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியவை உயரமான கூரை, ஆழமான தாழ்வாரம், காற்றை இழுக்கும் முற்றம். சுவரின் தடிமன் அல்ல.

ஏர்கூலர் கதையும் இதேதான். பரமக்குடியில் வாங்கியவர் புகழ்கிறார் என்று இங்கே வாங்கிவைத்தவர்கள் பலர். கூலர் செய்வது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பது. காற்று வறண்டிருந்தால் நிறைய ஆவியாகும், நிறையக் குளிரும். 40 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை அப்படி 22, 23 வரைகூட இறக்க இடமிருக்கிறது. 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள கடலோரக் காற்றில் 29-க்குக் கீழே இறக்கவே முடியாது, கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் சரி. அதற்குள் அறையில் ஈரம் ஏறி, வியர்வை காய்வதும் நின்றுபோகும். காசு கொடுத்துப் புழுக்கம் வாங்கிய கதை.

அப்படியானால் இங்கே செய்யக்கூடியது இரண்டு. சூட்டை உள்ளே விடாமல் இருப்பது, காற்றை உள்ளே விடுவது. ஓலைக் கொட்டகை இரண்டையும் செய்கிறது: மேலே நிழல், நாலு பக்கமும் திறப்பு. என் மாடியறை இரண்டையும் தலைகீழாகச் செய்தது.

மாடியறையின் முதல் குற்றவாளி கூரை. வெயில் உச்சியில் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் தளத்தில் 900 முதல் 1,000 வாட் வரை வெயில் இறங்குகிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர். கூட்டிப் பாருங்கள்: ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் தொண்ணூறைத் தலைக்குமேல் பரப்பிச் சுவிட்சைப் போட்டதற்குச் சமம். சாம்பல் நிறச் சிமெண்ட் தளம் அதில் பாதிக்குமேல் வாங்கிக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு மாடியில் துணி எடுக்கப் போனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, குதிகால் சொல்லும். மேற்பரப்பு 55, 60 டிகிரி வரை போகும். ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்குள் அந்தச் சூடு மெதுவாக நடந்து அடிப்பக்கம் வந்துசேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். மதியம் ஏறியது மாலை ஆறு மணிக்கு உள்ளே எட்டிப் பார்க்கும், இரவு பத்து மணியானாலும் அடங்காது.

அந்த நேரத்தில் விசிறியின் கீழ் மல்லாந்து படுத்தால் என்ன நடக்கும்? கூரையின் அடிப்பக்கம் உங்கள் தோலைவிடச் சூடு. உங்களிடமிருந்து கதிர்வீச்சாக வாங்கிக்கொள்ள வேண்டிய கூரை, திருப்பி உங்களுக்கே கொடுக்கிறது. தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினால், தொடாமலேயே சுடுகிறதல்லவா, அதுதான். விசிறியோ கூரையை ஒட்டிய சூடான காற்றைக் கீழே தள்ளுகிறது. வெப்பமானி 31 காட்டும், உடம்பு 35 என்று சொல்லும். உடம்பு சொல்வதுதான் உண்மை.

மைய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் (ஏசியிலும் பிரிட்ஜிலும் ஸ்டார் ஒட்டச் சொல்கிறார்களே, அவர்கள்தான்) 2018 டிசம்பரில் வீடுகளுக்கென்று எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக ஒரு சதுர மீட்டரில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 1.2 வாட்டுக்கு மேல் கடத்தக்கூடாது என்பது அதன் வரம்பு. வெறும் கான்கிரீட் தளம் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு கடத்தும். நான் கட்டியது வெறும் கான்கிரீட். மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓட்டைப் பதிக்கிற வேலையை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தேன். ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது: காசு தீர்ந்துபோகிற இடம் மொட்டை மாடி.

பரிகாரம் அவ்வளவு கஷ்டமில்லை. முதலில் வெள்ளை. நீர்த்த சுண்ணாம்பில் கொஞ்சம் பசை சேர்த்து மாடியில் இரண்டு கோட் அடித்தாலே, விழுகிற வெயிலில் பெரும்பங்கு வந்த வழியே திரும்பிவிடும். மழையில் கரையும், கடற்காற்றில் அழுக்கேறும், அதனால் வருஷா வருஷம் தை மாசியில் அடிக்கவேண்டும். கூல் ரூஃப் பெயிண்ட் என்று விற்பதும் இதே தத்துவம்தான், கொஞ்சம் கூடுதல் நாள் நிற்கும். வெள்ளை ஓடு பதித்தால் இன்னும் நிற்கும். இரண்டாவது, தடுப்பு. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு மேலே தட்டோடு பதிப்பது பழைய முறை. அதற்குள் மண்பானைகளைக் கவிழ்த்து வைத்து, உள்ளே அடைபட்ட காற்றைத் தடுப்பாக்குவதும் உண்டு. தளத்தின்மேல் தெர்மாகோல் வகைப் பலகை விரித்து அதன்மேல் ஓடு பதிப்பது இப்போதைய முறை. எதுவானாலும் தளத்துக்கு மேலே வைப்பதுதான் புத்திசாலித்தனம். உள்ளே பால்ஸ் சீலிங் அடித்தால் மேலே தளம் வழக்கம்போல் வெந்துகொண்டுதான் இருக்கும், அறையின் உயரமும் குறையும். மூன்றாவது, குடை. மாடிக்குமேல் கீற்றுப் பந்தலோ, பக்கமெல்லாம் திறந்த ஷீட் கொட்டகையோ இருந்தால் தளத்தில் வெயிலே விழாது. கூரைக்கு ஒரு கூரை. சோலார் தகடு வைக்கிறவர்களுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று கிலோவாட் தகடுகள் ஏறக்குறைய 150 சதுர அடிக்குமேல் நிழலாக்கும். மைய அரசின் சூரிய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. தாங்கும் சட்டத்தை மட்டும் நல்ல துத்தநாக முலாம் பூசியதாக, காற்றுக்குத் தாங்குவதாகப் பார்த்துப் போடவேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டு போன காற்று இந்தக் கடற்கரைக் காற்றுதான்.

அடுத்தது சுவரும் ஜன்னலும். இதற்குச் சூரியன் எங்கே போகிறது என்று தெரியவேண்டும். இராமநாதபுரம் 9 டிகிரி வடக்கு அட்சரேகையைக் கொஞ்சம் தாண்டி இருக்கிறது. இதில் ஓர் அழகு: சித்திரை முதல் நாளை ஒட்டித்தான் இங்கே சூரியன் நடுப்பகலில் சரியாகத் தலைக்குமேல் நிற்கும். வாசலில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அங்கிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே. மீதி நாட்கள் தெற்கே. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்று புத்தகங்களில் படித்துவிட்டு வடக்கே நிழலே இல்லாமல் ஜன்னல் வைக்கிறவர்கள், வருஷத்தில் நாலரை மாதம் ஏமாறுவார்கள்.

ஆனாலும் வடக்கும் தெற்கும் சமாளிக்கக்கூடியவை. அங்கே சூரியன் உயரத்தில் இருக்கும். மார்கழியில் மிகவும் சாயும்போதுகூட நடுப்பகலில் 57 டிகிரி உயரம். தெற்கு ஜன்னலுக்குமேல் இரண்டடி சன்ஷேடு இருந்தால் மூன்றடிக்கு நிழல் விழுகிறது. பெரும்பாலும் அது போதும். கிழக்கும் மேற்கும்தான் தொல்லை. சாயங்காலம் நாலரை மணிக்குச் சூரியன் கண்ணுக்கு நேரே இறங்கிவிடும், அதே இரண்டடி சன்ஷேடு ஓர் அடி நிழல்கூட ஒழுங்காகத் தராது. மேற்கில் வேண்டியது தலைக்குமேல் கூரை அல்ல, முகத்துக்கு முன்னால் திரை: ஆழமான தாழ்வாரம், ஓலைத் தட்டி, ஓட்டை விட்டுக் கட்டும் ஜாலிச் சுவர், அல்லது ஒரு மரம். பூவரசும் புன்னையும் வேம்பும் உப்புக் காற்றைத் தாங்கும். எதுவானாலும் ஜன்னலுக்கு வெளியே இருக்கவேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை, கண்ணாடி தாண்டி வந்துவிட்ட வெயிலைப் பிடித்து அறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், சூடாகத் திரும்புவதை வெளியே விடாது.

சவூதியிலிருந்து லீவில் வந்த கீழக்கரைத் தம்பி ஒருவர் போனில் படம் காட்டினார். "அண்ணே, முன்பக்கம் பூரா கிளாஸ் போட்டுருவோம். அங்க எல்லாம் இப்படித்தான் இருக்கு." முன்பக்கம் மேற்கு. "அங்க ஏசியை யாரு தம்பி அணைக்கிறா?" என்றேன். சிரித்தார். கடைசியில் வாசலுக்கு மேல் நாலடிக்கு ஒரு கண்ணாடி போதும் என்று இறங்கிவந்தார். அதற்கும் வெளியே ஜாலி கட்டினோம். அவருக்கு வருத்தம்தான்.

இனி காற்று. இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இந்தக் கடற்கரைக்குக் கடவுள் கொடுத்த ஏசி இது. ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வாடை. காற்றுக்குப் பெயர் வைத்து வாழ்கிற கடல்காரர்கள் ஊரில், காற்று எந்தப் பக்கம் என்று கேட்காமலே பிளான் போடுகிறோம். நானும்தான். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், ஒரு காகிதம் மெல்லப் படபடக்கிற அளவு காற்று உடம்பில் பட்டால் ஏறக்குறைய மூன்று டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். அறை குளிராது, உடம்பு குளிரும். வியர்வை காய்கிறதே!

காற்று வர ஒரு வாசல் மட்டும் போதாது, போகவும் வேண்டும். ஒரே சுவரில் எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும், ஊதின பாட்டிலுக்குள் மறுபடி ஊதுகிற கதைதான். எதிர்ச் சுவரிலோ பக்கத்துச் சுவரிலோ இன்னொன்று இருந்தால் அறையே குழாயாகிவிடும். நம் கடற்கரையில் தென்மேற்கும் வடகிழக்கும் எதிரெதிர் என்பதால், தெற்கு மேற்கில் திறந்தது ஆடியில் நுழைவாயில், கார்த்திகையில் அதுவே வெளிவாயில்.

எவ்வளவு திறப்பு வேண்டும்? முன்னே சொன்ன அதே விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த நம் போன்ற பகுதிகளுக்கு, தரைப்பரப்பில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு, திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்து சதவீதம் போதும் என்று விட்டுவிட்டவர்கள், நமக்கு மட்டும் அதிகம் கேட்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி, அதற்கு 20 சதுர அடித் திறப்பு. நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்று வைத்துவிட்டு 16 வந்துவிட்டது என்று நினைப்போம். இப்போது எல்லோரும் போடுகிற ஸ்லைடிங் ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால்தான் ஒளிய முடியும், பாதிதான் திறக்கும். எட்டு சதுர அடி. அதற்குமேல் கொசுவலை வேறு. வலை காற்றைப் பாதிவரைகூடக் குறைத்துவிடும். கொசுவலை இல்லாமல் இருக்க முடியாது என்பதால் ஜன்னலைப் பெரிதாக்குவதுதான் வழி. கதவுபோல் வெளியே திறக்கும் ஜன்னல் இரண்டு, ஒவ்வொன்றும் நாலுக்கு மூன்று, வெவ்வேறு சுவரில். யூபிவிசி என்கிற பிளாஸ்டிக் ஜன்னல் உப்புக்குத் துருப்பிடிக்காது, அதிலேயே திறக்கும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

இன்னொன்று, உயரம். நாம் ஜன்னலை மூன்றடி உயரத்தில் தொடங்குகிறோம். கட்டில் ஒன்றரை அடி. பாயில் படுத்தால் தரைதான். காற்று நம் மேலேறிப் போய் எதிர்ச்சுவரில் இடிக்கிறது, நாம் கீழே வியர்த்துக் கிடக்கிறோம். பழைய வீடுகளின் ஜன்னலைக் கவனித்திருப்பீர்கள். தரையை ஒட்டித் தொடங்கும், மேலே இரண்டு கதவு, கீழே இரண்டு கதவு. இரவில் மேலே சாத்திவிட்டுக் கீழே மட்டும் திறந்து வைத்தால் படுத்திருக்கிறவர் மேலேயே காற்று தவழும், வழியில் போகிறவருக்கும் உள்ளே தெரியாது. இவ்வளவு யோசித்துச் செய்த தச்சருக்கு யாரும் கட்டடக்கலை பட்டம் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு சண்டை உண்டு. கச்சான் வருவதும் தென்மேற்கிலிருந்துதான், சாயங்கால வெயில் கொளுத்துவதும் மேற்கில்தான். காற்று வேண்டும், வெயில் வேண்டாம். வாஸ்துப்படி வேறு வீட்டுக்காரரின் படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்கவேண்டும். வாஸ்துவோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை, சாப்பாடு போய்விடும். மேற்குச் சுவரில் அலமாரியையும் குளியலறையையும் ஒட்டவைத்து வெயிலை அவற்றின் முதுகில் வாங்கச் செய்வேன், ஜன்னலைத் தெற்குச் சுவருக்குக் கொண்டுவருவேன். மேற்கிலும் காற்று வேண்டும் என்றால் ஜாலிச் சுவர். ஓட்டை வழியே காற்று வரும், சாய்ந்த வெயில் செங்கல்லின் தடிமனில் மாட்டிக்கொள்ளும்.

பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் சில இரவுகளில் காற்று சுத்தமாக விழுந்துவிடும். அப்போது விசிறி. பழைய விசிறி 75 வாட் தின்னும், கரண்டை மிச்சம்பிடிக்கும் பிஎல்டிசி வகை 30-ஐச் சுற்றி. இரவு பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட் எங்கே, 0.3 யூனிட் எங்கே! ஆள் இல்லாத அறையில் ஓடும் விசிறி ஒன்றையும் குளிர்விக்காது, மோட்டார் சூட்டைக் கூட்டத்தான் செய்யும்.

அதற்கும் அடங்காதபோது ஏசி. ஏசியை நான் விரோதியாகப் பார்ப்பதில்லை. வயதானவர், கைக்குழந்தை, இரவு மீன்பிடித்துப் பகலில் தூங்குகிறவர் வீட்டில் ஓர் அறையில் இருக்கட்டும். ஒரு டன் ஏசி என்பது என்ன என்று ஐஸ் ஏற்றும் ஊர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம்: சுமார் 900 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்கக் கரைந்து எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை அது அறையிலிருந்து எடுக்கிறது. பேரும் அப்படித்தான் வந்தது. வெளியே சொட்டுகிற குழாய்க்கு அடியில் வாளி வைத்துப் பாருங்கள், நிறைந்துவிடும். அது அறையின் ஈரம். கரண்டில் ஒரு பங்கு குளிர்விக்க, ஒரு பங்கு இந்தத் தண்ணீரைப் பிழிய. கதவிடுக்கில் கடற்காற்று நுழைந்துகொண்டே இருந்தால் பிழிந்துகொண்டே இருக்கவேண்டியதுதான். எனவே ஏசி அறை மட்டும் சின்னதாக, இறுக்கமாக, மாடியில் என்றால் தளத்துக்குத் தடுப்போடு இருக்கவேண்டும். 24 டிகிரியில் தொடங்கும்படி ஏசிகள் வரவேண்டும் என்று 2020 முதல் விதி. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் ஆறு சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 27-ல் வைத்து விசிறியும் போட்டால் போர்வை தேவைப்படாது, அவ்வளவுதான்.

இதுவரை சொன்னது வீட்டில் வாழும்போது செலவாகும் கரண்ட். வீட்டைக் கட்டும்போதே செலவான எரிசக்தியும் உண்டு. ஒரு டன் சிமெண்ட் உருவாகும்போது அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அப்படிக் கட்டிய வீடு 80 வருஷம் நின்றால் ஒரு கணக்கு, 25 வருஷத்தில் இடித்துக் கட்டினால் வேறு கணக்கு. இங்கே இரண்டாவதுதான் அதிகம். சன்ஷேடின் அடிப்பக்கம் பாருங்கள். முதலில் ஒரு பழுப்புக் கோடு, அடுத்த மழைக்கு ஒரு வெடிப்பு, அப்புறம் பொத்தென்று ஒரு பெயர்ப்பு, உள்ளே துருவேறிய கம்பி. உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டுவிட்டது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு பருமன். உள்ளிருந்தே பிளக்கும். கடலோரச் சூழலில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கவேண்டும், கடல் சாரல் நேரே படும் இடத்தில் 50 என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சைட்டில் கம்பிக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை, அதுதான் கவர் பிளாக், 20 மில்லிமீட்டரில் வைத்தாலே பெரிய விஷயம், பல இடங்களில் ஒரு ஜல்லியை எடுத்து முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கடல் மணலும் உப்புத் தண்ணீரும் கலவையில் சேர்ந்தால் உப்பு வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பூச்சும் போட்டார்கள். நம் வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். நல்ல கவரும் நல்ல தண்ணீரும் கொடுத்தால் போதும்.

பொருளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயச் சுவரைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். கல்லில் நுண்ணிய துளைகளும் நட்சத்திரம்போல் வரிகளும் தெரியும். அது பவளப்பாறை. சுவருக்கும் அதுதான், எரித்துச் சுண்ணாம்பாக்கவும் அதுதான் என்று மன்னார் வளைகுடாவிலிருந்து வெட்டியெடுத்தோம். எடை குறைந்த, நுண்துளை நிறைந்த கல், கிடைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அலையைத் தடுத்து நின்ற அரணும் அதுவே. கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டித் தீவு இன்று தண்ணீருக்குள். பவளம் வெட்டியது அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. 2001 முதல் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன. உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே ஒன்று பசுமையாகிவிடாது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது அந்தச் சுவரை.

தண்ணீரும் இதில் சேர்த்திதான். ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் சுற்றி மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள். ஆயிரம் சதுர அடி மாடியில் வீணானது போக 60 ஆயிரம் லிட்டர் வரை பிடிக்கலாம். நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் ஊரில் அந்தத் தொட்டி, லாரித் தண்ணீருக்கும் மோட்டார் கரண்டுக்கும் சேர்த்துப் பதில். மாடிக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்ட் என்றால் குடிதண்ணீருக்கு ஆகுமா என்று கேட்டு வாங்கவேண்டும், பசை சேர்க்காத வெறும் சுண்ணாம்புக்கு அந்தக் கவலை இல்லை.

என் மாடியறைக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தட்டோடு பதித்து வெள்ளை அடித்தேன். மேற்குக் கண்ணாடியைப் பாதி அடைத்து ஜாலி வைத்தேன். தெற்கே முழங்கால் உயரத்தில் புதிதாக ஒரு ஜன்னல் உடைத்தேன், உடைத்த கொத்தனார் இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றார். இப்போது ஆடி மாதத்தில் அந்த அறையில் விசிறி போடாமலே தூங்குகிறோம். அப்பத்தா மட்டும் இன்னும் கொட்டகையில்தான் படுக்கிறார். கேட்டால், ஆட்டுக்குக் காவல் என்கிறார்.